இருபத்திரண்டு கிராணி மக்களும் ஒரு வெள்ளை நாயும்

என் மகள் நவமணிக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாளாகிறது. மூன்று கிலோ முந்நூறு. மூக்கு அப்படியே என் மூக்கு. என் மனைவி இருளாயி ஒத்துக்கொள்ளவில்லை, அவளுக்குப் பொறாமை.

நேற்று குழந்தையைப் பார்க்க ஐயாவு வாத்தியார் வந்தார். ஈப்போவில் நாங்கள் இருக்கும் வீட்டை யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தாராம். ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார். அதன் மூடி முன்பே ஒருமுறை திறந்து ஒட்டப்பட்டிருந்தது. உட்கார்ந்ததும் வந்திருந்த சனங்களிடம், நவமணியை டென்மார்க் வரைக்கும் கடிதம் எழுத வைத்தது தான்தான் என்று ஆரம்பித்தார். பதினோரு வருசம் ஆகியும் அந்தப் பொய்யை அவர் கீழே வைக்கவில்லை. அதனால் அந்த மனிதனைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செமோர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு அவர்தான் பெரிய வாத்தியார். பள்ளி என்றால் ஒரு கொட்டகை. நடுவே கரும்பலகையை நிறுத்தி, இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு. அவர் சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும், எழுதுவது ஒன்றுதான். லீவு நாளில் ஆத்தாளோடு போய், மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கும் பிள்ளைகளின் துணியில் ரப்பர் பால் கறுத்துக் கிடக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. அந்தப் பிள்ளைகள் கிட்டே வந்தால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். அதே பிள்ளைகளின் அப்பன்மார் நாங்கள்தான் அவர் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டினோம், விறகு பிளந்தோம். பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ, எந்தப் பாரத்தை நிரப்புவதாக இருந்தாலும் அவர் பேனாவைத்தான் நம்பியிருந்தோம். ஒரு பாரத்துக்கு ஒரு கோழி. நானே மூன்று கோழி கொடுத்திருக்கிறேன்.

எழுபத்தேழில் எங்கிருந்தோ டென்மார்க் பள்ளி ஒன்றின் முகவரி அவருக்குக் கிடைத்தது. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகள் தங்கள் வகுப்பையும் ஊரையும் நாட்டையும் பற்றி எழுத வேண்டும். நல்ல காரியம்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? கரும்பலகையில் இங்கிலீஷில் ஒரு கடிதத்தை எழுதிப் போட்டு, ஆறாம் வகுப்பு முழுவதையும் அப்படியே பார்த்து எழுதச் சொன்னார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அர்த்தத்தையும் அவரே சொன்னார். எங்கள் பள்ளி மாடிக் கட்டடம். எங்கள் வீட்டுக்கு நான்கு அறை. என் அப்பா ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. எங்களிடம் டைகர் என்ற வெள்ளை நாய் இருக்கிறது. ஈப்போ சுத்தமான நகரம். எங்கள் நாட்டில் ரப்பர் நிறைய விளைகிறது.

ரப்பர் விளைகிறதாம், என்னைப் போல் பால் வெட்டுகிறவன்தான் இல்லையாம்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது நவமணி கேட்டாள்: "அப்பா, நீங்க எப்ப கிராணி ஆனீங்க?"

அவள் மறுநாள் தானாகவே ஒரு கடிதம் எழுதினாள். தமிழில்தான், வேறு எதில் எழுதுவாள்? கரும்பலகைக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் படமாகவும் போட்டாள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நான் மரத்தில் பால் வெட்டுவது, இருளாயி பால் வாளி தூக்குவது எல்லாம் அதில் இருந்தது. தன் பெயர் அந்தத் தேசத்துக்குப் போக வேண்டும், தன் பெயர் போட்டு அங்கிருந்து பதில் வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஐயாவு அதை இரண்டு விரலால் பிடித்தாராம். பால் நாற்றம் அடிக்கிறது, இதை அனுப்பினால் நம் மானம் கப்பலேறிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடிதங்களோடு அனுப்ப எடுத்த போட்டோவிலும் அவளைச் சேர்க்கவில்லை. துரை லீவில் போயிருந்த சமயம் பார்த்து, தோட்டக்காரனிடம் சொல்லி, பங்களாப் படிக்கட்டில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். நவமணியின் கவுனில் கறை. அவளை ஐயாவு மற்றப் பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கசக்கி விறகுக் கட்டுக்கு மேலே எறிந்தாள். இருளாயி அதை எடுத்து நீவி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

ஐயாவுக்கு எல்லா வேலைக்கும் ஆள் வேண்டும். அவரே சைக்கிள் மிதித்தால் சட்டை கசங்கிவிடும். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். "சன்னாசி, செமோருக்குப் போ. போட்டோ கடையில படத்த வாங்கி இந்தக் கவருக்குள்ள வச்சு, ஒட்டி, போஸ்டாபீஸ்ல குடு. அழுக்குக் கையால தொடாத லா."

கையைக் கழுவிக்கொண்டுதான் தொட்டேன். இருபத்திரண்டு கடிதம், ஒரு போட்டோ, அவற்றோடு நவமணியின் கடிதம். மூன்று வகுப்புப் படித்தவனுக்கு ஒரு கவரை ஒட்டத் தெரியாதா?

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் ஆபீஸ் பையில்தான் வரும். கிராணி மரியஜோசப் அதைப் பள்ளிக்குக் கொண்டு போனார். ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எல்லாரும் வர வேண்டும், கிராணி படித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தான் முதலில் ஒருதரம் படித்துப் பார்க்கவில்லை. அவர் இங்கிலீஷ் கரும்பலகை வரைக்கும்தான்.

மரியஜோசப் படித்தார். கடிதங்கள் கிடைத்ததில் அந்தப் பிள்ளைகளுக்கு ரொம்பச் சந்தோசமாம். ஆனால் ஒரு சந்தேகமாம். இருபத்திரண்டு பேரின் அப்பாவும் கிராணி, இருபத்திரண்டு பேருக்கும் டைகர் என்ற வெள்ளை நாய். நீங்கள் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்று கேட்டிருந்தார்கள்.

தோட்டத்துக்கே ஒரு கிராணிதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இருபத்திரண்டு புள்ளைங்கன்னு தெரிஞ்சா வீட்டுல என்னைய கொன்னுடுவா லா."

சனம் சிரித்து அடங்க நேரமானது. ஐயாவு மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி மேலே படித்தார். ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்ததாம். எழுத்து புரியவில்லை, படம் புரிந்ததாம். அதை வகுப்பில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். நெற்றியில் விளக்கோடு நிற்கும் அந்த மனிதர் யார், எழுதிய பிள்ளையின் பெயர் என்ன, தயவுசெய்து தெரிவிக்கவும்.

ஐயாவு உடனே எழுந்தார். "அது நா சொல்லிக் குடுத்து எழுதுனது. வித்தியாசமா இருக்கட்டுமேன்னு."

நான் எழுந்திருப்பதற்குள் நவமணி எழுந்துவிட்டாள். பன்னிரண்டு வயது. "இல்ல சார். பால் நாத்தம் அடிக்குதுன்னு நீங்க திருப்பிக் குடுத்தீங்க."

மரியஜோசப் தன் பேனாவைத் திறந்து, "பேரச் சொல்லும்மா" என்றார். அங்கேயே இங்கிலீஷில் எழுதினார். நவமணி, தகப்பன் சன்னாசி, பால்வெட்டு. அதற்கப்புறம் மூன்று வருசம் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது.

பிற்பாடு மரியஜோசப் ஒரு விசயம் சொன்னார். ஐயாவு வாத்தியாரின் அப்பாவும் சிம்பாங் பூலாய் பக்கம் பால் வெட்டினவராம். கேட்டால் கிராணி என்றுதான் ஐயாவு சொல்வாராம். வேறு ஒருவனாக இருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். தன் அப்பனை மறைத்தது போதாமல் என் மகளுடைய அப்பனையும் மறைக்க வந்த ஆளிடம் எனக்கு என்ன பாவம்?

நேற்றைய கதைக்கு வருவோம். மேசை மேல் குழந்தையின் பிறப்புப் பதிவுப் பாரம் கிடந்தது. பார்த்ததும் ஐயாவு பழைய வழக்கத்தில் பையில் கை வைத்து, "குடும்மா, நா எழுதித் தாரேன்" என்றார்.

"பேனா மட்டும் குடுங்க சார்" என்றாள் நவமணி.

முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவதும் எழுதவில்லை. மூன்றாவதில் எழுதினாள். குழந்தையின் அப்பா வேலை என்ற இடத்துக்கு வந்தபோது ஐயாவு எட்டிப் பார்த்தார். "டிரான்ஸ்போர்ட் ஆபீசர்னு போடும்மா. கேக்க நல்லா இருக்கும்."

"லோரி ஓட்டுறாரு சார்" என்று சொல்லி அதையே எழுதினாள்.

மைலோ குடித்துவிட்டுப் போனார். வாசல்வரை போனவர், திரும்பி வந்து பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.