பாதித் தியேட்டர் முந்திச் சிரித்த படம்

இருபத்தாறு வருடமாக சினிமா தியேட்டரில் வேலை பார்க்கும் ஒருத்தி, ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? டார்ச்சக்காவைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். இருட்டில் தடுமாறி வருகிறவர்களை டார்ச் லைட் அடித்து அவரவர் சீட்டில் கொண்டுபோய் உட்கார வைப்பது அவள் வேலை. படம் ஓட ஆரம்பித்ததும் திரைக்கு இடப்பக்கச் சுவரோரம், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். எவர் பாதியில் எழுந்து போகிறார், எந்தக் குழந்தை படியில் உருளப்போகிறது என்று கவனிக்க வேண்டுமே. அதனால் அவளைப் பொறுத்தவரை படம் என்றால் எதிரே இருக்கிற முந்நூறு முகங்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் பஸ் ஓட்டும் புருஷன் கேட்பார், "இன்னைக்கு என்ன கதை?"

"ஹீரோவோட அம்மா செத்துட்டாங்க போல. ஜி வரிசைல ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர் தேம்பித் தேம்பி அழுதாரு."

"ஹீரோ பேரு தெரியாது, அவன் அம்மா எதுல செத்தாங்கன்னு தெரியாது, கட்டம்போட்ட சட்டை மட்டும் தெரியும். உன்கிட்ட கதை கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவர் கிண்டல் செய்வார். ஆனால் தியேட்டர் மேனேஜர் செய்யமாட்டார். டார்ச்சக்கா ஒவ்வொரு புதுப்படத்துக்கும் கிழித்த டிக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவாள். அரங்கம் முழுக்கச் சிரித்தால் ஒரு நீளக் கோடு. அங்கங்கே சிரித்தால் புள்ளி. யாராவது எழுந்து வெளியே போனால் பெருக்கல் குறி. படம் முடிந்ததும் மேனேஜர் அந்தத் துண்டுச் சீட்டை வாங்கி, ஜோசியக்காரர் கட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "ரெண்டு வாரம் தாங்கும் சார்" என்றால் தாங்கும். "ஞாயிறு தாண்டாது" என்றால், அந்தப் படத்தின் பேனரை அவிழ்க்க ஏணியைத் தேட ஆரம்பித்துவிடுவார். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கட்டும், அவருக்கு டார்ச்சக்காவின் பென்சில்தான் வேதவாக்கு.

இந்த வேலைக்கு அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: தான் சிரிக்கக் கூடாது. "நான் சிரிச்சா எண்ணிக்கை விட்டுப்போயிடும்" என்பாள். முந்நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போது, எதிரே ஒரே ஒரு முகம் மட்டும் தபால் ஆபீஸ் கவுன்டர்போல உட்கார்ந்திருக்கும். அது நம் டார்ச்சக்கா.

அவளுக்கு ஒரே மகள். சின்ன வயதில், பள்ளிக்கூடம் விட்டால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, பைக்கட்டோடு நேரே தியேட்டருக்கு வந்து கடைசி வரிசைப் படியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரே படத்தை இருபது தடவை பார்த்தால் வசனம் மனப்பாடம் ஆகாமல் என்ன ஆகும்? ஹீரோ வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் சொல்லிவிடுவாள். வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்றால், கதவு திறக்குமுன்னே "அங்கதான் இருக்கான்!" என்று கத்திவிடுவாள். காசு கொடுத்து வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏம்மா, இந்த முந்திரிக்கொட்டையை எங்கயாவது கட்டிப்போடக்கூடாதா?" என்று சீறினார்கள். முந்திரிக்கொட்டை என்ற பேர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான், இன்றுவரை போகவில்லை. அம்மாக்காரி தன் இடத்திலிருந்தே டார்ச்சை அவள் வாய்மேல் அடிப்பாள். வெளிச்ச வட்டம் உதட்டில் விழுந்ததும் வாய் டக்கென்று மூடிக்கொள்ளும்.

அந்த ஊரில் இந்தி பேசுகிறவர்களும் உண்டு, தமிழர்களும் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஓர் இந்திக் காதல் காமெடிப் படம் அங்கே வந்தது. இரு வீட்டுக்கும் ஆகாத ஒரு ஜோடி ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. வசனத்துக்குத் தமிழில் அர்த்தம் சொல்லும் எழுத்தெல்லாம் திரையில் கிடையாது. முந்திரிக்கொட்டை அப்போது கல்லூரியில் இந்தி படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து, சுற்றியிருந்த தையல் கம்பெனிப் பெண்களுக்குக் குசுகுசுவென்று அர்த்தம் சொன்னாள். முதலில் இந்திக்காரர்கள் சிரிப்பார்கள், அரை நிமிஷம் கழித்துக் கடைசி வரிசை சிரிக்கும். படம் பதினோரு வாரம் ஓடியது. அதில் நாலு வாரம் இவளுடையது என்று மேனேஜரே சொன்னார்.

இப்போது அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. மேனேஜர் விநியோக ஆபீஸில் அடித்துப் பேசினார். "திரைக்குக் கீழ தமிழ்ல எழுத்துப் போடுங்க சார். எழுதறதுக்கு எங்கிட்ட ஒரு பொண்ணு இருக்கு." அவர்கள் அரை மனதோடு ஒத்துக்கொண்டார்கள். இந்த ஒரு படத்தைப் பார்ப்போம், சனங்கள் ரசித்தால் அடுத்த நாலு படத்தையும் அவளுக்கே கொடுக்கிறோம், இல்லையென்றால் தமிழ் எழுத்துக்கு இத்தோடு முழுக்கு என்றார்கள். முந்திரிக்கொட்டை அப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் போனை எடுத்து "டாக்டர் இன்னும் வரலைங்க" என்று நாள் முழுக்கப் பொய் சொல்லும் வேலையில் இருந்தாள். மூன்று வாரம் லீவு போட்டு, சோறு தண்ணி மறந்து எழுதினாள். இது கைகூடினால் அந்தப் போனை இனி தொடவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. வலப்பக்கம் இந்திக்காரர்கள், முன்னால் அவர்களுக்குத் தலைவர்போல மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். இடப்பக்கம் தையல் கம்பெனிப் பெண்கள் இரண்டு வரிசை. டார்ச்சக்கா பென்சிலைக் கூர்சீவி வைத்திருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் அந்த ஜோடியின் வீட்டிலேயே இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் வந்து டேரா போட்டுவிடுகிறார்கள். புருஷனுக்கும் மனைவிக்கும் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கரன்ட் போகிறது. இதுதான் சமயம் என்று ஹீரோ இருட்டில் மேசைக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, இந்தக் கையைத் தொட்டா இன்னும் என் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்கிறான். ஒரு சின்ன அமைதி. பிறகு மாமனார் குரல் வருகிறது: "மாப்ளே, அது என் கை."

நல்ல ஜோக்தானே? ஆனால் முந்திரிக்கொட்டை என்ன செய்திருந்தாள்? படிக்க நேரம் வேண்டுமே என்று இரண்டு பேச்சையும் ஒரே தடவையில், மேலும் கீழுமாகப் போட்டுவிட்டாள். ஹீரோ உருகிக்கொண்டிருக்கும்போதே தையல் கம்பெனிப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் மாமனார் பேசியது வலப்பக்கத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. கடைக்காரர் கோபத்தோடு திரும்பிப் பார்த்தார். படம் முழுக்க இதே கூத்து. டார்ச்சக்காவின் சீட்டில் புள்ளிமேல் புள்ளி விழுந்தது. நீளக் கோடு ஒன்றுகூட இல்லை.

இடைவேளையில் கடைக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்க ஆளுங்க சிரிக்கிறாங்க, எனக்கு டயலாக்கே கேக்கல. நான் சிரிக்க வேண்டிய இடத்துல அவங்க சிரிச்சு முடிச்சுட்டாங்க!"

தையல் கம்பெனிப் பெண்கள் வேறு பக்கம் நியாயம் கேட்டார்கள். "ஏங்க்கா, அது அவங்க பாஷைதானே? அவங்களுக்கே ஏன் லேட்டாப் புரியுது?"

படம் முடிந்தது. மேனேஜர் கையை நீட்டினார். டார்ச்சக்கா சீட்டைக் கொடுக்காமல் ஒரு நிமிஷம் முந்தானையில் சுற்றிக்கொண்டே நின்றாள். நாலு கோடு இழுத்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? பெற்ற மகள் விஷயம். ஆனால் அந்தப் பென்சில் இதுவரை பொய் சொன்னதில்லை.

"ஞாயிறு தாண்டாது சார்" என்றாள். "படம் நல்லாத்தான் இருக்கு. எழுத்து முந்துது."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஞாயிறு மதியக் காட்சி முடிந்ததும் விநியோக ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

மகளிடம் சொன்னபோது அவள் முகம் சுண்டிப்போயிற்று. "நீ அவர்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்லம்மா?"

"இருந்திருக்கலாம். அப்புறம் நான் எண்ணி என்னடி பிரயோஜனம்?"

"இருட்டுல நின்னு எண்ணினா எல்லாம் தெரிஞ்சுடுமா? நான் போய்ப் பாக்கறேன்."

கோபத்தோடுதான் போனாள். அன்று ஆறு மணிக் காட்சியில் அம்மா பக்கத்தில், சுவரோரம், திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இத்தனை வருடம் அந்தத் தியேட்டரிலேயே வளர்ந்தவள், முகங்களை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டுக் காட்சி வந்தது. இடப்பக்கம் சிரித்தது. வலப்பக்கம் முறைத்தது. முறைத்த முகங்களில் ஏக்கமும் இருந்தது, தங்களுக்கு வரவேண்டியதை யாரோ தட்டிப் பறித்ததுபோல. மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் மறுபடியும் அதேதான் பண்ணியிருக்கேன். வில்லன் கதவுக்குப் பின்னாடி இருக்கான்னு கத்திட்டேன்."

டார்ச்சக்கா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் சமையலறை மேசையில் கம்ப்யூட்டர் ஏறியது. மேனேஜர் விநியோக ஆபீஸைக் கெஞ்சி, எழுத்தைத் திருத்தி அனுப்ப அனுமதி வாங்கியிருந்தார். மகள் சொன்னாள், "அம்மா, டார்ச்சை எடுத்துட்டு வா. எழுத்து எப்போ வரணும்னு நான் வாயால சொல்லிப் பாக்கறேன். முந்தினேன்னா என் வாய்மேல அடி."

நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார்கள். இவள் வாய் முந்தும், அவள் டார்ச் எரியும். சாப்பாட்டுக் காட்சியில் மட்டும் பெரிய சண்டை.

"இன்னும் கொஞ்சம் பொறுடி."

"இதுக்கு மேல பொறுத்தா அவங்க சிரிச்சு முடிச்சுட்டு வீட்டுக்கே போயிடுவாங்க. மாமனார் வாயைத் திறக்கறதும் எழுத்து வர்றதும் ஒண்ணா இருக்கணும். இது என் கணக்கு, விடு."

டார்ச்சக்கா விட்டாள். காலை ஷிப்ட் முடிந்து வந்த பஸ்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பட்டப்பகலில் பெண்டாட்டி மகளின் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி இது, பல் ஆஸ்பத்திரி வீட்டுக்கே வந்துடுச்சா?" என்றார். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் "உஷ்!" என்றார்கள்.

ஞாயிறு மதியம். முக்கால் அரங்குதான் நிரம்பியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி வந்திருந்தார். "அன்னைக்குப் பாதிப் படம்தான் கேட்டுச்சு, மீதியைக் கேக்க வந்தேன்" என்று முறைப்பாகச் சொன்னார். தையல் கம்பெனிப் பெண்கள் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மகள் கடைசி வரிசையில், அந்தப் பழைய படியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நீளக் கோடு பத்தாவது நிமிஷத்தில் விழுந்தது. இரண்டு, மூன்று, ஏழு. எண்ணிக்கை பதினேழு ஆனபோது சாப்பாட்டுக் காட்சி வந்தது.

கரன்ட் போனது. திரையோடு சேர்ந்து அரங்கமும் இருட்டானது. ஹீரோ உருகினான். அவன் பேச்சு மட்டும் எழுத்தாக வந்தது, அதற்குக் கீழே வெறும் இருட்டு. அந்த எழுத்தின் மங்கல் வெளிச்சத்தில் முகங்களெல்லாம் லேசாக வாய் பிளந்து காத்திருந்தன. கடைசி வரிசையில் மகளின் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. டார்ச்சக்காவின் கட்டைவிரல் தானாக டார்ச் பொத்தானுக்குப் போனது. போடி, வாயால் முந்திக்கொள், எழுத்துதான் காத்திருக்கிறதே என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

மாமனார் வாயைத் திறந்தார். எழுத்தும் வந்தது.

அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல! இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரிக்க முடியாமல் மொத்தத் தியேட்டரும் ஒரே மூச்சில் சிரித்தது. கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தையல் கம்பெனிப் பெண்ணின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் மேனேஜர் ஆபீஸ் அறையில் போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "எத்தனை கோடுக்கா?"

டார்ச்சக்கா சீட்டை நீட்டினாள். "சாப்பாட்டு சீன் வரைக்கும் பதினேழு."

"அதுக்கப்புறம் ஒண்ணுமே காணோமே? படுத்துடுச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பென்சில் கீழ விழுந்துடுச்சு சார். எண்ணலை." திருடி அகப்பட்டவள்போல மெதுவாகச் சொன்னாள். "நானே சிரிச்சுட்டேன்."

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அறுபது தடவை கேட்ட ஜோக். திரையைக்கூடப் பார்க்கவில்லை, அந்த முகங்களைப் பார்த்தே சிரித்திருக்கிறாள். அவர் விநியோக ஆபீசுக்கு நம்பரை அழுத்தினார்.

"சார், அந்த நாலு படத்தையும் இந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. இல்ல சார், வசூல் இன்னும் பாக்கல. அதைவிடப் பெரிய சங்கதி. எங்க தியேட்டர்ல இருபத்தாறு வருஷமா..."

அவர் சொல்லி முடிப்பதற்குள், கதவோரம் நின்றிருந்த முந்திரிக்கொட்டை முந்திக்கொண்டு கத்தினாள்: "எங்கம்மா சிரிச்சுட்டாங்க!"

பழக்கதோஷம், டார்ச்சக்கா சட்டென்று டார்ச்சை அவள் வாய்மேல் அடித்தாள். அந்த வாய் மூடவில்லை, காதுவரைக்கும் விரிந்து சிரித்துக்கொண்டே இருந்தது. டார்ச்சக்காவும் டார்ச்சை அணைக்கவில்லை.