நிறைந்த பேட்டரியும் துருப்பிடித்த பிரேக்கும்

போன வருடம் ஆடி மாதச் சாரலில், லவ்டேலிலிருந்து குன்னூருக்கு இறங்கும் சாலையில் நடந்தது இது. நான் என் மின்சாரக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எட்டு மாதக் கர்ப்பிணியான என் அண்ணி. கோவையில் டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புவதாகத் திட்டம்.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். எதையும் வரிசை போட்டுச் சரிபார்ப்பது என் பழக்கம். டயரில் காற்று, ஸ்கேன் ரிப்போர்ட், குடிதண்ணீர், அண்ணிக்கு வாந்தி வந்தால் கவர், பேட்டரி நூறு சதவீதம். எல்லாம் பார்த்துத்தான் கிளம்பினேன்.

இந்தக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். மலை வளைவுகளில்கூட மாதக்கணக்கில் பிரேக்கை அதிகம் தொடாமலே ஓட்டியிருக்கிறேன். பிரேக் தேயவே இல்லை என்று வீட்டில் பெருமையும் பேசியிருக்கிறேன்.

வழக்கமாக எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவேன். அன்று தூரப் பயணம் என்பதால் முழுதும் ஏற்றியிருந்தேன். நிறைந்த பேட்டரிக்குள் மேற்கொண்டு மின்சாரம் போகாது. போக இடமில்லையென்றால் மோட்டாரும் பிடிக்காது. தெரிந்த விஷயம்தான். ஆனால் முதல் பெரிய இறக்கத்தில் காலை எடுத்தும் வண்டி பாட்டுக்கு உருண்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

பிரேக்கை மிதித்தேன். கரகரவென்று உலோகம் உராய்ந்தது.

"என்ன அம்மிணி, கார்ல கிரைண்டர் ஏதும் வெச்சிருக்கியா?" என்றார் அண்ணி.

"துருங்க அண்ணி. மழையிலயே நிக்குதில்ல? நாலு தடவை மிதிச்சா போயிருங்க."

"உங்கண்ணன் வண்டி பொகை விட்டாலும் சொன்ன எடத்துல நிக்கும்."

அடுத்த வளைவு. மூடுபனி சற்று விலகியது. நடுரோட்டில் ஒரு காட்டெருமைக் கன்று.

முழு பலத்தோடு மிதித்தேன். கார் அலறியது. இடப்பக்கமாக இழுத்தது. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்போது பனிக்குள்ளிருந்து தாய் பாய்ந்து வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை லேசாகத் திரும்பும் என்று நான் நினைத்ததே இல்லை. தலையால் ஒரே தள்ளு. கன்று ஓரத்துக்குப் போய் விழுந்து எழுந்தது. கன்று நின்றிருந்த இடத்தில் என் கார் வந்து நின்றது. எதிரே, பானெட்டுக்கு ஒரு முழம் தள்ளி, தாய்.

அது விட்ட மூச்சு பானெட்டின் மேல் ஆவியாகப் படிந்தது. என் தலைக்குள் வழக்கம்போல வரிசை ஓடியது. ஹாரன் கூடாது. விளக்கைச் சிமிட்டக் கூடாது. பின்னால் எடுக்கக் கூடாது. என்ன செய்யலாம் என்பதற்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்: "தாயே, நாங்களும் புள்ளையோடதான் வந்திருக்கோம். வழி உடு."

எதிரே மேலேறி வந்த பஸ்ஸின் டிரைவர் இதைப் பார்த்துவிட்டு இன்ஜினையும் விளக்கையும் அணைத்தார். பஸ் நிறைய ஆட்கள். ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. தாய் எங்களைப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் கன்றோடு தேயிலைக்குள் இறங்கியது. பனி மூடிக்கொண்டது.

பஸ் பக்கத்தில் வந்ததும் டிரைவர் தலையை நீட்டினார். "கரண்டு வண்டி சத்தமே போடாதும்பாங்க! கேத்தி ஊரு வரைக்கும் கேட்டிருக்குமுங்க. அந்தச் சத்தத்துலதானுங்க அது ஓடியாந்து கன்னுக்குட்டியைத் தள்ளுச்சு."

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அங்கேயே ஓரங்கட்டிவிட்டு அண்ணனை வரச் சொன்னேன். அண்ணி அவருடைய டீசல் காரில் கோவை போனார். என் காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போனார்கள். கழற்றிப் பார்த்தபோது பின்சக்கர டிஸ்க்குகள் ஏடு ஏடாகத் துருப்பிடித்திருந்தன. வலப்பக்கம் பிரேக் இறுகிப்போய் வேலையே செய்யவில்லை. துரு போட்ட சத்தம் கன்றைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அதைப் பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. இப்போது மலை இறங்கும் நாட்களில் பேட்டரியில் இடம் விட்டே கிளம்புகிறேன். தினமும் ஆளில்லாத நேர்சாலையில் சிலமுறை பிரேக்கை அழுத்தித் துருவைத் துடைத்துவிடுகிறேன்.

அத்தனை உயரமும் எடையும் வேகமும் தந்த ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கல்லூரியில் கணக்காகப் போட்டிருக்கிறேன். அதெல்லாம் இரண்டு தாய்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளியில் அடங்கி நின்றதை நினைத்தால், இன்றும் அந்த வளைவில் என் உடம்பு சிலிர்க்கிறது.