பலாக்கொட்டை போட்டு வழி கண்டுபிடித்த நெய்வேலிப் பயணம்

நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் காடாம்புலியூரிலிருந்து டெல்லி வரை யாரிடமும் வழி கேட்காமல் போய்வந்தவன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை ஸ்டெல்லா புதிதாகக் குடிபோன வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். அவள் ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். முன்பின் பார்க்காத வீடியோ கேமைத் தானே கற்றுக்கொண்டு ஆடுகிற ஒரு புரோகிராம் செய்திருந்தாள். திங்கள் காலை பத்து மணிக்குக் கல்லூரியின் தேர்வுக் குழுவிடம் அதைக் காட்ட வேண்டும். அது ஆடிவிட்டால் வேலை பெர்மனென்ட். "கூட ஒரு ஆளு இருந்தா தைரியமா இருக்கும்ணே. கொழம்புக்குப் பலாக்கொட்ட கொண்டாங்க" என்று போனில் கூப்பிட்டிருந்தாள்.

காலை 7.40க்குப் பஸ். இருபது ரூபாய், அரை மணி நேரம். ஆர்ச் கேட்டில் இறங்கி, 120 ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன்.

"பத்தொம்பதாம் பிளாக்குல எந்த வூடுங்க?"

"முனையில எறக்கி வுடுப்பா. நெய்வேலியே நான் பாத்துக் கட்டுனதுதான்."

"அப்ப சரிங்க மேஸ்திரி" என்று சிரித்துக்கொண்டே என்னை முனையில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினார்.

எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. அதே சுவர், அதே மாமரம். வீட்டு நம்பர் செல்போனில் இருந்தது, செல்போனில் சார்ஜ் இல்லை. ஆட்டோக்காரர் டீ குடித்துக்கொண்டு பார்க்கிறார், எப்படி வழி கேட்பது? திரும்புகிற முனைதோறும் ஒரு பலாக்கொட்டை போட்டேன். கொட்டை கிடந்தால் வந்த வழி, வேறு பக்கம் திரும்பு. ஒரு அறுபது திருப்பம் திரும்பியிருப்பேன். 9.20க்கு அவளுடைய நீல ஸ்கூட்டர் கண்ணில் பட்டது.

மச்சான் மைன்ஸில் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா முகம் வாடிக் கிடந்தது. அந்தப் புரோகிராமுக்கு விதி எதுவும் சொல்லித்தருவதில்லையாம். திரையையும் ஸ்கோரையும் பார்த்துக்கொண்டு கண்டபடி பட்டனை அமுக்கும். ஸ்கோர் ஏறினால் அதையே மறுபடி செய்யும். "நானூறு வாட்டி செத்துத்தாண்ணே ஒரு கேமக் கத்துக்கும்." ஆனால் சோதிக்க எடுத்த புதுக் கேமில், முதல் அறையிலேயே ஒரு காசு தின்னத் தின்ன முளைத்தது. தின்றால் ஸ்கோர் ஏறுவதால் புரோகிராம் அதையே தின்றுகொண்டு, அடுத்த அறைக்கான கதவுப் பக்கமே போகவில்லை.

"என்னாடி இது, ஒரே எடத்தச் சுத்திக்கினு கெடக்குது? நான்கூட போன முனைக்கு மறுபடி போவல, தெரியுமா?"

"கொட்ட எங்கண்ணே?" பையில் ஒன்பதுதான் மிச்சம்.

நடந்ததைச் சொன்னேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அதுக்கு யாருண்ணே கொட்ட போட்டு வுட்டாங்க?" என்று தனக்குத்தானே கேட்டபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பார்க்காத இடத்துக்குப் போனால் தனி ஸ்கோர், பார்த்த இடத்துக்கே திரும்பினால் கிடையாது என்று மாற்றினாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கேமில் அந்தக் கதவு திறந்தது.

திங்களன்று அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து நானும் கல்லூரிக்குப் போனேன். தேர்வுக் குழுவினர் தாங்களே ஒரு கேம் கொண்டுவந்திருந்தார்கள். ஏணி, பள்ளம், பூட்டிய கதவு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புரோகிராம் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தது. ஸ்டெல்லா துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் கழித்து அது ஏணியைத் தொட்டது. அப்புறம் அறை அறையாகப் போனது.

11.50க்கு வெளியே வந்தாள். "அண்ணே, பெர்மனென்ட்!" என்றவள், அடுத்த மூச்சிலேயே, "ஐடியா எப்புடி வந்துச்சின்னு கேட்டாங்க. எங்கண்ணன் வழி தெரியாமச் சுத்துனாருன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

வழி தெரியாமல் இல்லை, சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். போகட்டும்.

போகிறவர்களுக்கு: வீட்டு நம்பரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் பெருமை பேசாதீர்கள். பலாக்கொட்டை ஒரு கிலோவாக வாங்குங்கள், பாதி தெருவுக்கு, பாதி குழம்புக்கு. ஒன்பது கொட்டையில் வைத்த குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன்.