பதிவறையில் கட்டிய தொட்டில்

மகளுக்குச் சளி பிடித்திருந்தது. ஸ்வெட்டர் எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நான் அந்துருண்டை வாங்குவதே இல்லை. யார் வைத்தது என்று கேட்டேன். "பூச்சி அரிச்சுத் துணியெல்லாம் ஓட்டையாப் போவுது, நாந்தான் வெச்சேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் கணவர். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருப்பவர், துணியில் ஓட்டை விழுந்தால் அவரால் தாங்க முடியாது. நான் உருண்டைகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தேன். வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். போதுமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கழுவினேன்.

உங்களுக்கு இந்தச் சந்தேக வியாதி இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. நான் கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள். மூடித்தான் இருக்கும். இந்த அரசு வேலைக்கு எழுதிய தேர்வில்கூட, விடைத்தாளில் கறுப்பாக்கிய வட்டங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததில் கடைசிக் கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. எப்படித்தான் வேலை கிடைத்ததோ. ஆனால் இந்த வாசனை விஷயத்தில் நான் பயப்படுவதற்குக் காரணம் உண்டு.

அது பதிவறையின் வாசனை. நான் முதன்முதலில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த தாலுகா ஆபீஸில், கடைசியில் ஒரு நீளமான அறை. ஓட்டுக் கட்டடம், மரக்கதவு. உள்ளே இரும்பு அடுக்குகளில் துணி சுற்றிய கோப்புக் கட்டுகள் உத்தரம் வரைக்கும் இருக்கும். கரையானுக்கும் பூச்சிக்கும் பயந்து மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டிருப்பார்கள். அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. காலையில் போட்டால் வட்ட மெஷின்கள் நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தலை வலித்தது. பிறகு கேட்பதே இல்லை. திருப்பூரில் பிறந்த காதுக்கு மெஷின் ஓடினால்தான் உலகம் ஓடுகிறது.

நியமன ஆணை வந்தபோது பாப்பா கைக்குழந்தை. பிரசவ விடுப்பு கேட்டிருக்கலாம், சேர்வதற்கு அவகாசம் கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். சேர்ந்த கையோடு விடுப்புக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நான் கேட்கவே இல்லை. தகுதிகாண் பருவம் முடியாதவள் மூச்சுவிடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமியாரும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருந்த செல்வி அக்கா பாப்பாவைப் பார்த்துக்கொண்டார். அவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு அனுப்பர்பாளையத்தில் பஸ் ஏறுவேன். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அவருக்குப் போன் செய்துவிடுவேன். "இப்பத்தானம்மா குடுத்திட்டுப் போன, அதுக்குள்ள பிள்ளை என்ன காலேஜுக்கா போயிரும்?" என்று கேட்பார்.

அந்தச் செல்வி அக்கா ஊரில் கோவில் அசன விருந்து என்று கிளம்பிவிட்டார். ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். நான் ஆபீஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்ததை சரோஜாக்கா பார்த்துவிட்டார். எதிர் மேசையில் இருந்த உதவியாளர், பொங்கலூர்க்காரர். அவர் இருந்தால் ஆபீஸே வீடு மாதிரி இருக்கும். மதியம் அவர் தூக்குப்போசியைத் திறந்தால் நாலு பேருக்குச் சாப்பாடு உண்டு. விவரம் கேட்டுவிட்டு, "இதுக்கா அழுவற? கொழந்தயக் கொண்டா கண்ணு. தொட்டில் கட்டிக்கலாம். என்ற பையன் அந்த ரெக்கார்டு ரூம்லதான் வளந்தான்" என்றார்.

மறுநாள் அவரே பழைய நூல் சேலை கொண்டுவந்து, கடைசி அடுக்குக்குப் பின்னால் உத்தரத்தில் தொட்டில் கட்டினார். அந்த மூலையிலிருந்த அந்துருண்டைகளை நான் பொறுக்கி வெளியே போட்டேன். ஆனாலும் வாசனை போகவில்லை. குழந்தைக்கு ஆகுமா என்று கேட்டேன். தன் பையன் இப்போது ஆறடி இருக்கிறான் என்றார். அந்தப் பதில் எனக்குப் பாதிதான் போதுமானதாக இருந்தது. மெஷின் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்ததோ என்னவோ, பாப்பா படுத்ததும் தூங்கிவிட்டாள். பெரிய விசிறி ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நான் கால் மணிக்கு ஒருதரம் ஓடிப்போய்ப் பார்த்தேன். சரோஜாக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே அந்த ஆபீஸின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலதிகாரி திடீர் ஆய்வுக்குக் கிளம்பினால் டிரைவர்கள் மூலம் முன்கூட்டியே செய்தி வந்துவிடும். செய்தி வந்த உடனே, எல்லா மேசைகளிலும் முடிக்காமல் கிடக்கும் கோப்புகளை அள்ளிப் பதிவறைக்குள் போடுவார்கள். பதிவறை எழுத்தர் முருகேசண்ணன் சுவிட்சை அணைத்துக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பிவிடுவார், போனையும் அணைத்துவிடுவார். அதிகாரி கேட்டால், சாவி அவரிடம் இருக்கிறது, அவர் கருவூலத்துக்குப் போயிருக்கிறார். உண்மையில் எங்காவது பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். "சாவி பறந்துருச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள், பறந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. மேசைகள் துடைத்த தட்டு மாதிரி இருக்கும்.

தொட்டில் கட்டிய அன்று முருகேசண்ணன் காலையிலேயே ஒரு கோப்போடு கோர்ட்டுக்குப் போயிருந்தார். மதியம்தான் திரும்பினார். அப்போது நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, துணைத் தாசில்தார் அறையில் தபால்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கையெழுத்தான தபால்களோடு வந்து பார்த்தபோது மேலதிகாரியான ஆர்.டி.ஓ. அம்மாவின் ஜீப் வாசலில் நின்றிருந்தது. பதிவறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

சரோஜாக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். குழந்தையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். அவர் நான் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். நான் அவர் எடுத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும், இருவருமே எடுக்கவில்லை, பாப்பா உள்ளேதான் இருக்கிறாள் என்று புரிந்தது. சேலைத் தலைப்புக்குள் போனை மறைத்து முருகேசண்ணனுக்கு அடித்தேன். அணைக்கப்பட்டிருந்தது. மாற்றுச் சாவி தாசில்தாரின் பொறுப்பில். அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

ஆர்.டி.ஓ. அம்மா நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தபால் பிரிவில்தான் ஆய்வு ஆரம்பிக்கும். பதிவேட்டைத் திருப்பித் திருப்பி, இது யாருக்குப் போனது, இதற்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். என் காது பின்சுவரில் இருந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தை அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. அழுதால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று முதலில் பயந்தேன். கொஞ்ச நேரத்தில், அழுதால் போதும் என்று ஆகிவிட்டது. விசிறி அணைத்த அறை. ஓட்டு வெயில். அந்த வாசனை. தொட்டில் சேலை முகத்தில் விழுந்திருந்தால்? புரண்டிருந்தால்?

"என்னம்மா, கேக்கறது ஒண்ணு, சொல்றது ஒண்ணா இருக்கு? புதுசா?"

"ஆமாங்கம்மா."

"பயப்படாதீங்க. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரோஜாக்கா மெல்ல நழுவிக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். பதிவறை ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, அதையும் கட்டுகள் அடைத்துக்கொண்டிருக்கும். திரும்பி வந்து வாசலில் நின்று தலையை இடவலமாக ஆட்டினார். அழவில்லை என்கிறாரா, பார்க்க முடியவில்லை என்கிறாரா? எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியவில்லை.

இப்போது சொல்லிவிடலாமா? சொன்னால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் அத்தனை கோப்புகளும் அம்மாவின் கண்ணில் படும். ஆபீஸ் முழுக்க மாட்டிக்கொள்ளும், முருகேசண்ணன் வேலைக்கே ஆபத்து வரும். பதிவறைக்குள் குழந்தையைக் கிடத்தியவளை வைத்துக்கொள்வார்களா? முருகேசண்ணன் இதோ போனை ஆன் செய்துவிடுவார். அம்மா இதோ எழுந்துவிடுவார். ஒரு பக்கம் புரட்டட்டும். இன்னும் ஒரு பக்கம். நான் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா பதிவறையைப் பற்றிக் கேட்டார். யாரோ வழக்கமான பதிலைச் சொன்னார்கள். "உங்க சாவி எப்பவுமே கருவூலத்துலதான் இருக்கு. பேசாம அங்கயே ஒரு போஸ்ட் போட்டுக் குடுத்துடலாம்" என்றார் அவர். எல்லாம் தெரிந்த குரல். அதோடு விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது மின்சாரம் போனது.

தலைக்கு மேல் விசிறி தேய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த ஆபீஸில் நான் கேட்டிராத அமைதி. எங்கோ தெருவில் ஒருவர் இருமுவது கேட்டது. பதிவறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முனகல்கூட இல்லை.

"அம்மா, ரெக்கார்டு ரூமுக்குள்ள என்ற கொழந்தை இருக்குதுங்க."

அவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"என்ற கொழந்தைங்க. தூங்கிட்டிருந்தா. தெரியாமப் பூட்டிட்டாங்க."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை, டிரைவரை மட்டும் கூப்பிட்டார். டிரைவர் ஜீப்பிலிருந்து ஜாக்கி ராடு கொண்டுவந்து கொண்டியில் கொடுத்து நெம்பினார். பழைய மரம், ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளினால் பாதிக்கு மேல் போகவில்லை. அவசரத்தில் போட்ட கோப்புகள் உள்ளே சரிந்து கிடந்தன. அம்மா அவற்றின் மேலேயே மிதித்து ஏறினார். நான் அவர் பின்னால் போனேன். எத்தனை பேருடைய மனுக்கள் என் காலுக்குக் கீழே வழுக்கின என்று தெரியாது. அம்மா போன் வெளிச்சத்தைத் தொட்டிலுக்குள் காட்டினார்.

பாப்பா விழித்துக்கொண்டிருந்தாள். குளித்த மாதிரி வேர்த்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, சேலை விளிம்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்தாள். நான் தூக்கிய பிறகுதான் அழுதாள். யாருடைய மேசை என்று பார்க்காமல் உட்கார்ந்து, தலைப்பை இழுத்து மூடிப் பால் கொடுத்தேன். ஆண்கள் எல்லாரும் வாசலுக்குப் போய் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கோப்புக் குவியலைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் 'அவசர சொந்த வேலை' என்று போட்டேன்.

என் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. குழந்தைகளை அலுவலகத்துக்கு அழைத்து வரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, தபால் பிரிவு என்பதால் அதற்கு நான்தான் எண் போட்டேன். முருகேசண்ணனுக்குக் குற்றக் குறிப்பாணையும், கொமரலிங்கம் பக்கம் இடமாற்றமும் வந்தன. விடைபெறுகிற அன்று என் மேசைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாவிய உன்ற கையில குடுத்துட்டுப் போயிருப்பனே கண்ணு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

வீட்டில் நான் பாதிதான் சொன்னேன். பாப்பா நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார் கணவர். நன்றாகத்தான் இருக்கிறாள், இப்போது யூ.கே.ஜி. போகிறாள். விடுமுறையில் அவள் மதியம் தூங்கினால் நான் கழுத்தில் கை வைத்து வேர்த்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சத்தமில்லாமல் தூங்கினால் அசைத்துப் பார்க்கிறேன். எழுந்து அழுவாள். அப்புறம் நிம்மதியாக என் வேலையைப் பார்ப்பேன்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்தாகிவிட்டது. சரோஜாக்கா ஓய்வு பெற்றுப் பையனோடு பெங்களூரில் இருக்கிறார். நிட்டிங் கம்பெனி ஊருக்கு வெளியே போய்விட்டது. திடீர் ஆய்வு என்று யாரும் ஜீப்பில் வருவதில்லை, எல்லாம் திரையிலேயே அவர்களுக்குத் தெரிகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி மதியத்தில் ரவிக்கை நனைந்து அடிக்கடி கழிவறைக்குப் போகிறாள். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். கேட்டால், கொண்டா என்று சொல்ல என்னிடம் இடம் எதுவும் இல்லை. அதனால் இன்னும் கேட்கவில்லை.

போன வாரம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்களாம். மாலையில் டீக்கடையில் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் ஆபீஸில் இன்வெர்ட்டர் இருக்கிறது. விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, திரைகள் ஒளிர்ந்தன, ஒரு நொடிகூட எதுவும் நிற்கவில்லை, அன்றைக்கு என்னைப் பேசவைத்த மாதிரி ஓர் அமைதி விழவே இல்லை. நானும் தலை நிமிராமல் தபால்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.