கிஷனைக் கைகாட்டியவள்

மலேசியாவின் கிள்ளானிலிருந்த அந்தத் தனியார் கல்லூரியில் மாணவர் தேர்தலுக்கு யார் நிற்பது என்பதைக் கிஷன்தான் முடிவு செய்வான். மீறி நின்றவனின் மோட்டார் சைக்கிள் ஒருமுறை எரிந்து கிடந்தது. அதற்குப் பிறகு எவனும் நிற்கவில்லை, இந்த வருடம் ஆஷிக் நிற்கும்வரை. பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை; வாய் மூடாதவன்; விஷ்ணுப்ரியாவின் வகுப்புத் தோழன்.

அந்த வாரம் கல்லூரியில் பழைய தெலுங்குப் படம் ஒன்று போட்டார்கள். ஒரு கல்லூரியை ஆட்டிவைக்கும் ரௌடிக் கும்பலை மாணவன் ஒருவன் எதிர்க்கும் கதை. தெலுக் பங்லிமா காராங் ஊரிலிருந்த விஷ்ணுப்ரியாவின் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அதனால் அவளே மைக்கைப் பிடித்து வசனங்களைத் தமிழில் சொன்னாள். நாயகன் அடித்த ஒவ்வோர் அடிக்கும் விசிலடித்தவர்கள் கிஷனின் ஆட்கள். இவர்கள் தங்களை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

படம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் கிஷன் ஹெல்மெட்டைக் கழற்றி ஆஷிக்கின் தலையில் ஓங்கி அடித்தான். படம் பார்த்த கூட்டமே இதையும் பார்த்தது. போலீஸ் விசாரித்தபோது ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பிரவின் என்ற நண்பன் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து விஷ்ணுப்ரியாவுக்கு இரும்புக் குழாய்களைக் காட்டினான்.

"நாமளும் அடிப்போம் லா. படத்துல பார்த்தல்ல?"

"நான்தானே கடைசி வரைக்கும் வசனம் சொன்னேன். ஹீரோ ஜெயிச்சான், சரி. எத்தனை பேரைப் பறிகொடுத்தான்? மூடு இதை."

அவள் நேராகக் காவல் நிலையத்துக்கு, போலீஸ் பாலாய்க்குப் போனாள். தான் கண்ணால் பார்த்ததை, கிஷனின் பெயரைச் சொல்லி ரிப்போர்ட் கொடுத்தாள்.

கல்லூரி அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு, பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றார்கள்.

"ஆஷிக்குக்கு இடது காது கேக்கல மேடம். அதை எப்படிப் பேசித் தீர்க்கிறது?"

பஸ் நிறுத்தத்தில் கிஷன் அவளை மறித்தான். "உங்கப்பா எந்த ஃபேக்டரின்னு எனக்குத் தெரியும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். "கேட்ல போய் கன்னையான்னு கேளு, வருவார். நீ இப்ப சொன்னதையும் ரிப்போர்ட்ல சேர்க்கத்தான் போறேன்."

வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா கன்னையா தட்டைத் தள்ளி வைத்தார். நாளை லீவு போடுகிறேன், சேர்ந்தே பாலாய்க்குப் போகலாம் என்றார்.

பல மாதங்கள் கழித்து வழக்கு வந்தது. இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது என்று கிஷனின் வக்கீல் அவளைக் கேட்டார்.

"லைட் எரிஞ்சது. ஹெல்மெட்டைக் கழட்டித்தான் அடிச்சான், முகம் நல்லாத் தெரிஞ்சது" என்று கிஷனைக் கைகாட்டினாள். கையை அவள் உடனே இறக்கவில்லை. அடுத்த சாட்சியாகப் பிரவின் ஏறினான்.

கிஷன் சிறைக்குப் போனான். ஆஷிக்கின் காது சரியாகவில்லை. தள்ளிப்போன தேர்தலில் அவன் நின்று தோற்றான். ஆனால் அவனோடு இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். அடுத்த தேர்தலுக்கு விஷ்ணுப்ரியா பெயர் கொடுத்திருக்கிறாள்.