"இன்லாக்ட்" என்றொரு சுவீடன் சொல்

மாமா சுவீடனிலிருந்து அனுப்பிய மரப்பெட்டியைப் பிரித்தபோது எங்கள் வெள்ளவத்தை வீடு முழுக்கப் புது மரத்தின் வாசம் பரவியது. மூடியில் வெளிர்நிற மரத்தை வெட்டிப் பதித்த ஒரு பறவை. இப்படிப் பதித்த வேலைப்பாட்டை அங்கே "இன்லாக்ட்" என்பார்கள், ஒரு பொருளைச் சுற்றிப் பொதிந்து வைத்தாலும் அதே சொல்தான் என்று எனக்காகக் கடிதத்தில் எழுதியிருந்தார். பதினொரு வயதில் நான் அறிந்த ஒரே சுவீடன் சொல் அது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் கதைப்பவர், அந்தக் கார்த்திகையில் இரண்டு ஞாயிறுகள் அழைப்பே எடுக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு பின்னேரம், பொறுக்கமாட்டாத அம்மா அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு காலி வீதியில், காசு கொடுத்து வெளிநாட்டுக்குக் கதைக்கிற "கொமியூனிகேஷன்" கடைக்குப் போனார். மாமா வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமைக்காரக் கிழவிதான் எடுத்தார். ஆங்கிலம் அரைகுறை. அப்பா எப்படிக் கேட்டும் ஒரே சொல்லையே திருப்பிச் சொன்னார்; பிறகு லைன் அறுந்துபோனது.

"இன்லாக்ட் எண்டு என்னவோ சொல்லுறா. ஒண்டும் விளங்கேல்லை," என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும்," என்று நான் முந்திக்கொண்டேன். "சுத்திப் பொதிஞ்சு வைச்சிருக்கிறது."

அம்மாவின் முகம் வெளிறியது. "ஐயோ, என்ர தம்பியைப் பொதிஞ்சு வைச்சிருக்கினமோ?" என்றபடி நிலத்தில் இருந்துவிட்டார். என்ன சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிப்பதற்கும் அதே சொல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் மண்ணுக்குள் வைப்பதுபோலத்தான் கேட்கும் என்று தோன்றியது.

அப்பா மறுபடி எண்ணை அழுத்தினார். மூன்று முறை லைன் கிடைக்கவில்லை. நாலாம் முறை கிழவியின் குரல் கேட்டதும் அம்மா எழும்பி ரிசீவரைப் பறித்தார். கடைக்காரருக்கு முன்னால் ஆங்கிலம் பேசவே கூச்சப்படுகிறவர், தெரிந்த சொற்களைச் சேர்த்துக் கத்தினார்: "மை பிரதர் ஈட்டிங்? ஹீ ஈட்டிங்?"

அந்தப் பக்கம் கிழவி ஆங்கிலச் சொல் தேடித் தடுமாறினார். பிறகு எங்கள் மூவருக்கும் கேட்டது: "யெஸ், யெஸ், ஈட்டிங்! சூப்! டொக்டர் குட்!"

அம்மா அழுதார். அழுதுகொண்டே "தாங்க்யூ, தாங்க்யூ" என்றார்.

அடுத்த கிழமை மாமாவே அழைப்பு எடுத்தார். வயிற்றில் சத்திரசிகிச்சையாம். "ஆஸ்பத்திரியில படுக்க வைச்சாலும் இன்லாக்ட்தான், அக்கா."

அம்மா அதற்காக என்னை ஒருநாளும் ஏசவில்லை. இப்போது மாமா தினமும் வீடியோவில் முகம் காட்டுகிறார். அந்தக் கடையிருந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். கிழவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பெயரை எங்களில் ஒருவரும் கேட்டு வைத்திருக்கவில்லை.