வாயு மூலைக்குப் போன கக்கூஸ்

1. நாங்க ஒண்ணும் போடலை

எந்த வீட்டுக்கு அடைப்பு எடுக்கப் போனாலும் வாசலிலேயே ஒரு வாக்கியம் காத்திருக்கும். "நாங்க ஒண்ணும் போடலை." சாக்கடைத் தொட்டியின், அதாவது சேம்பரின், மூடியைத் திறந்தால் உள்ளே பழைய வேட்டி இருக்கும், குழந்தையின் ஜட்டி இருக்கும். ஒரு வீட்டில் முழுசாக ஒரு தேங்காய் மூடி இருந்தது. அதைத் தூக்கிக் காட்டியபோதும், "பக்கத்து வீட்டிலேர்ந்து வந்திருக்கும்" என்றார்கள். பக்கத்து வீட்டுச் சாக்கடை மதில் ஏறிக் குதித்து இவர்கள் சேம்பரில் தேங்காய் மூடியை வைத்துவிட்டுப் போனதாக நான் நம்ப வேண்டும். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதற்கெல்லாம் கோபப்படாமல் இருப்பது நல்லது. நான் பட்டேன். ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

தொண்ணூறுகளில் மந்தைவெளியில் எனக்குச் சின்னதாக ஒரு பிளம்பிங் கடை இருந்தது. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருக்கள்தான் எனக்குச் சோறு போட்டன. பழைய வீடுகள், பழைய வீட்டை இடித்துக் கட்டிய சின்னச் சின்ன ஃபிளாட்டுகள். உப்புக்காற்றில் இரும்புக் குழாய்கள் பொருக்குப் பொருக்காக உதிரும். தரைக்கு அடியில் மண் பைப்புகள் ஜாயின்ட் விட்டு மணலை விழுங்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தெருச் சாக்கடை நிரம்பி, வீட்டுச் சாக்கடை போக இடமில்லாமல் நிற்கும். தீபாவளிக்கு நான் ஒழுங்காக எண்ணெய் தேய்த்துக் குளித்த வருஷங்கள் குறைவு.

அப்படி ஒரு ஐப்பசியில்தான் விசாலம் மாமி கடைக்குப் போன் செய்தார்.

"மேஸ்திரி, சமையலுள்ள தண்ணி போற ஓட்டை வழியா சாக்கடை மேல வந்துண்டிருக்கு. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. கொஞ்சம் ஒடனே வாங்கோ."

மூன்று அடுக்கு ஃபிளாட், அடுக்குக்கு ஒரு வீடு. கீழே மாமியும் அவர் கணவரும். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் சார். முதல் மாடிக்காரர்கள் மஸ்கட்டில் இருந்தார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாவது மாடியில் பாத்திரக் கடை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் கடை போட்டவர்.

நானும் ஆறுமுகமும் போனோம். ஆறுமுகம் சைதாப்பேட்டைக்காரன், என் வயதுதான், என்னோடு பல வருஷம் வேலை செய்தவன். சமையலறைத் தரையில் இருக்கும் ஓட்டையின் சல்லடையை அவன் கையால் தூக்கப் போகும்போது சார் சாவகாசமாகச் சொன்னார்.

"பார்த்துப்பா. நீங்க வரதுக்குள்ள ஏதாவது செய்வோமேன்னு ஆசிட் ஊத்தி வெச்சேன்."

ஆறுமுகம் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இன்னா நைனா, கையி இருக்கட்டுமா வோணாமா?" என்றான். மேலும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஆசிட்டைக் கலைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் இருந்த தொட்டியைத் திறந்து மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினோம். அடைப்பு எடுத்துக்கொண்டு தண்ணீர் சர்ரென்று இறங்கியது. "இனிமே வராது மாமி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் போன். போய் எடுத்தோம். அடுத்த வாரமும் போன். இந்தத் தடவை சார் பிளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்தார்.

மாமி தரையைக் கழுவிக் கழுவிக் கை வெளுத்துப் போயிருந்தார். மகள் பத்மாவுக்கு நிறைமாசம். வாசல் அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைப் பிரசவம், மேஸ்திரி. எங்காத்துல வெச்சுப் பார்க்கணும்னு எனக்கு எத்தனை ஆசை தெரியுமா? நங்கநல்லூர்லேர்ந்து சம்பந்தி மாமி வெள்ளிக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா. இந்த நாத்தத்தைப் பார்த்தா ஒரு நிமிஷம்கூட பொண்ணை இங்க விட்டு வைக்க மாட்டா. அவ மேல தப்பும் சொல்ல முடியாது" என்றார் மாமி. அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று பிளாச்சை வெளியே இழுத்தபோது ஆறுமுகம் அதன் நுனியைப் பார்த்தான், முகர்ந்தான், என்னிடம் நீட்டினான்.

"நைனா, இது ரசம், சாம்பாரு இல்ல. கக்கூஸ் சமாச்சாரமா கீது."

எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கவே முடியாது. சமையலறைத் தண்ணீருக்கு ஒரு பைப், கக்கூஸுக்கு வேறு பைப். சமையலறைப் பைப் வீட்டின் வடமேற்கு மூலையில் இறங்கி, சந்தில் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. கக்கூஸ் பைப் வடகிழக்கு மூலையில் இறங்கி, நேராக வாசல் சேம்பருக்குப் போகிறது. இரண்டும் பார்த்துக்கொள்ளக்கூட வழியில்லை. ஆனால் ஆறுமுகம் சொன்னதும் சரிதான். எனக்கும் மூக்கு இருக்கிறது.

2. மூலைக்கு மூலை

மொட்டை மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தேன். சந்தில் நின்று பார்த்தால் சன்ஷேடு மறைத்துவிடும். மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது மாடிச் சுவரில் புதுச் சிமென்ட் பூச்சு. அதிலிருந்து நாலு இஞ்ச் பிவிசி பைப் ஒன்று வெளியே வந்து, வளைந்து, மூன்று இஞ்ச் சமையலறைப் பைப்பில் செருகி நின்றது. சுற்றிலும் சாக்குத் துணியும் சிமென்டும் வைத்து அப்பியிருந்தார்கள். இந்த வேலையைச் செய்தவன் கையில் கிடைத்திருந்தால் அங்கேயே தொங்கவிட்டிருப்பேன்.

மூன்று வாரமாக நானும் ஆறுமுகமும் குத்திக்கொண்டிருந்தது அண்ணாச்சி வீட்டுக் கக்கூஸை.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். அண்ணாச்சி பனியனோடு வந்தார். "வீட்ல ஏதாவது மாத்தினீங்களா அண்ணாச்சி?" என்று முதல் வாரமே கேட்டிருந்தேன். அப்போது ஒன்றும் இல்லை என்றார். இப்போது சுவரில் பார்த்ததைச் சொன்னதும் என்னைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அழைத்து வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மறைக்கணும்னு இல்ல மேஸ்திரி. கக்கூஸ் வடகிழக்குல, ஈசானிய மூலையில இருக்குன்னு வாஸ்துக்காரர் சொன்னாரு. ஈசானியத்துல கக்கூஸ் இருந்தா குடும்பம் வெளங்காதுன்னுட்டாரு. வடமேற்குல வாயு மூலைக்கு மாத்தச் சொன்னாரு. அங்க எங்க ஸ்டோர் ரூமு. மாத்திட்டேன். நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டாலும் சரி, மாத்தின மறுமாசமே யாவாரம் எந்திரிச்சு நின்னுட்டு. அதுக்கு முன்ன கடைய மூடிட்டு ஊருக்கே போயிரலாமான்னு இருந்தேன்."

அந்த வருஷங்களில் ஊரெங்கும் வாஸ்து ஜுரம். நேற்றுக் கட்டிய வாசற்படியை இன்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வேலை வந்தது, குறை சொல்லக் கூடாது. ஆனால் எந்த வாஸ்துக்காரரும் தரைக்கு அடியில் பைப் எங்கே போகிறது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கக்கூஸை எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதன் பிறகு நடப்பதை யார் பார்ப்பது?

"அண்ணாச்சி, மூணு இஞ்ச் பைப்புல இது போகாது. அங்கேர்ந்து வாசலுக்குப் போற லைனுக்குச் சரிவும் இல்ல. சமையலறைத் தண்ணி எப்படியோ ஊர்ந்து போயிடும். இது போகாது. நிக்கும். அவங்க வீட்ல ஏறும்."

"தனியா ஒரு பைப் போட்டு வாசலுக்கு விட்டுருங்க. செலவு என்னுது."

மறுநாள் தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவலை எடுத்து வந்து காட்டினேன். ஒரு முனையை ஆறுமுகம் வாசல் சேம்பரில் பிடித்தான், மறு முனையை நான் சந்தின் கோடியில் பிடித்தேன். தண்ணீர் இரண்டு பக்கமும் நின்ற இடத்தை அண்ணாச்சிக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினேன். அவ்வளவு நீளத்துக்கு இறக்கம் வேண்டுமென்றால் பைப் தெருச் சாக்கடைக்கும் கீழே போக வேண்டும்.

"அப்ப இந்தக் கோடிய கொஞ்சம் மேடு பண்ணிருங்க."

"மேடு பண்ணா பைப் அவங்க சமையலறை ஜன்னல் வழியா போகும் அண்ணாச்சி."

"ஓரமா போவட்டுமே."

ஆறுமுகம் ட்யூபைச் சுருட்டிக்கொண்டே, "இவரு கடையாண்டயே ஒண்ணு கட்டிக்கினு போவட்டும் நைனா" என்று முணுமுணுத்தான். நான் சிரிக்கவில்லை. பழைய இடத்துக்கே மாற்றுவதுதான் வழி என்றேன். அண்ணாச்சி கும்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மாமி வீட்டுக்குப் புது சிங்க் வாங்கித் தருகிறேன் என்றார், தினமும் ஆள் வைத்துக் கழுவித் தருகிறேன் என்றார். கக்கூஸை மட்டும் தொடக் கூடாது என்றார். அது அவருக்குக் கக்கூஸ் இல்லை, கல்லாப்பெட்டி.

சாரிடம் வந்து, நீங்களே மேலே போய்ப் பேசுங்கள் என்றேன். "மனுஷா கிட்ட போய் உன் கக்கூஸ் எங்காத்துல வரதுன்னு எப்படிப்பா சொல்றது?" என்றார். மாமியும் வாயைத் திறக்கவில்லை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு, அத்தனை நாளும் படியில் பார்த்தால் இரண்டு குடும்பமும் புன்னகை செய்துகொண்டிருந்தன.

3. வெள்ளிக்கிழமை

சம்பந்தி மாமி சொன்னபடி வந்தார். அன்றைக்குப் பார்த்து மழை கொட்டியது. நாங்கள் போனபோது சமையலறையில் கணுக்கால் அளவு நின்றது. சம்பந்தி மாமி வாசல் அறையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"குத்தம் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்கோ விசாலம். பச்சைக் குழந்தை வரப்போற வீடு இப்படி இருக்கப்படாது. நான் பத்மாவை அழைச்சுண்டு போறேன். பிரசவத்தை நாங்க பார்த்துக்கறோம்."

பத்மா துணிகளைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். மாமி, மகளுக்காக வாங்கி வைத்திருந்த பிரசவ மருந்துச் சாமான்களை எடுத்து அந்தப் பெட்டியிலேயே வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. சேறு ஒட்டிய காலோடு இரண்டு மாடியும் ஏறினேன்.

கதவைத் திறந்தது அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி. அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணாச்சியோடு நான் பேசியதெல்லாம் சந்தில் அல்லது மாடிப்படியில், சாத்திய கதவுக்கு வெளியே. அண்ணாச்சி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சரிவு, இஞ்ச், லெவல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக் கக்கூஸ் கீழ் வீட்டு அடுப்படியில வந்து நிக்குது. அந்த வீட்ல தலைப் பிரசவத்துக்குப் பொண்ணு வந்திருக்கு. இந்த அசிங்கத்துல விட மாட்டோம்னு மாமியார் வீட்ல கூட்டிட்டுப் போறாங்க. பெட்டி கட்டிட்டு இருக்காங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். "இவரு சொல்லுதது நெசமா? உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணாச்சி இலையைப் பார்த்துக்கொண்டு, "சரி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

"நான் மொதப் பிள்ளைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போவ முடியாம, உங்க வீட்லயே கெடந்து அழுதது மறந்துபோச்சோ? ஒரு பிள்ளைத்தாச்சிய அம்மா வீட்டுலேருந்து வெரட்டித்தான் நமக்கு யாவாரம் நடக்கணும்னா, அப்படியாப்பட்ட யாவாரம் வேண்டாம்." என்னிடம் திரும்பினார். "இன்னிக்கே அடைச்சிருங்க மேஸ்திரி."

அண்ணாச்சி இலையை மடித்தார். பிறகு கையைக் கழுவப் போனார்.

செல்லக்கனி செருப்புகூடப் போடாமல் எனக்கு முன்னால் படியிறங்கினார். வாசல் அறையில் நின்றுகொண்டு சம்பந்தி மாமியிடம் நேராகப் பேசினார்.

"அம்மா, இந்த அசிங்கம் எங்க வீட்டுது. இவுக மேல ஒரு தப்பும் இல்ல. தெரியாம இருந்துட்டேன். இனிமே ஒரு சொட்டு வராது. அதுக்கு நான் பொறுப்பு. பிள்ளைய அம்மாகிட்டருந்து கூட்டிட்டுப் போவாதிய."

சம்பந்தி மாமி அவரைப் பார்த்தார், விசாலம் மாமியைப் பார்த்தார். நான் மழைக்கு நின்ற மாட்டைப் போல வாசலில் நின்றேன். சம்பந்தி மாமி, "திங்கக்கிழமை வந்து பார்க்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா அழைச்சுண்டு போயிடுவேன்" என்று குடையை எடுத்துக்கொண்டார். விசாலம் மாமி அப்போதுதான் அழுதார்.

அன்றே பிவிசி பைப்பைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தோம். ஈசானிய மூலையில் பழைய இடத்தில் கக்கூஸைத் திரும்ப வைத்து முடிக்கிறவரை, அண்ணாச்சி வீட்டில் அத்தனை பேரும் கீழே வாட்ச்மேனுக்கென்று கட்டியிருந்த கக்கூஸுக்குத்தான் போனார்கள். காலையில் அண்ணாச்சி வாளியோடு வரிசையில் நின்றபடி, "இன்னும் எத்தன நாளாகும் மேஸ்திரி?" என்று கேட்பார். மூன்று வாரம் எங்களை ஓட்டிய ஓட்டத்துக்கு, கொஞ்சம் மெதுவாகவே டைல்ஸ் ஒட்டினோம் என்று ஆறுமுகம் பின்னால் சொல்லிச் சிரிப்பான். அது பொய். திங்கட்கிழமைக்குள் சமையலறை காய்ந்திருக்க வேண்டும் என்று அவன்தான் மழையில் நின்று தொட்டியை இரண்டு தரம் கழுவினான்.

சம்பந்தி மாமி திங்கட்கிழமை வந்தார், சமையலறை வரைக்கும் போனார், காபி குடித்துவிட்டுப் போனார். பத்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அம்மா வீட்டில் இருந்தபடி. அண்ணாச்சியின் வியாபாரம் பிறகு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கடை பல வருஷம் இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. லெவல் பாருங்கள், பிளாச்சு விடுங்கள், மாடியேறி எட்டிப் பாருங்கள், எல்லாம் செய்யுங்கள். அதோடு மேல் வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இருக்கிற எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, கீழே யார் இருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். அந்தப் பைப் எங்கே போகிறது என்று அண்ணாச்சிக்குக் கோடு போட்டுக் காட்டினேன். யார் வீட்டுக்குப் போகிறது என்று அவர் வீட்டு அம்மாவிடம் சொல்ல எனக்கு அத்தனை நாள் தோன்றவில்லை.